ஜெர்மனியில் ஓட்டுநர் உரிமம்: இந்திய, இலங்கை உரிமத்தோடு வருவோருக்கு ஒரு வழிகாட்டி

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ பத்து ஆண்டுகள் பிசகில்லாமல் கார் ஓட்டியவராக இருந்தாலும், ஜெர்மனியில் குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம் வரைதான் அந்த உரிமத்தைக் கொண்டு அங்கே வண்டி ஓட்ட முடியும். சில வாரங்களுக்குச் சுற்றிப் பார்க்க வருபவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வீடு எடுத்து, முகவரியைப் பதிவு செய்து, அங்கேயே வாழத் தொடங்கிவிட்டவருக்கு உரிய கணக்கு இது. மொத்தமே ஓராண்டுக்கு மேல் தங்கப்போவதில்லை என்று ஆவணத்தோடு காட்டக்கூடியவர்கள், இந்தக் கெடுவை மேலும் ஆறு மாதம் வரை நீட்டித்துத் தரும்படி கேட்கலாம். மற்ற அனைவரும் அதற்குள் ஜெர்மானிய உரிமத்தைப் பெற்றிருக்க வேண்டும், அல்லது அது கைக்கு வரும்வரை ஸ்டியரிங்கைத் தொடாமல் இருக்க வேண்டும்.

நம்மவர்களில் பலர் இடறி விழுவது இந்த இடத்தில்தான். ஊரில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகத்தில் ஓராண்டு செல்லுபடி என்று அச்சிட்டிருப்பதால், ஓராண்டு ஓட்டலாம் என்று எண்ணிவிடுகிறார்கள். அந்தப் புத்தகம் தனியாக ஓர் உரிமம் அன்று. ஊர் உரிமத்தில் இருப்பதைப் பிற மொழிகளில் எடுத்துச் சொல்லும் துணை ஆவணம் மட்டுமே. மூல உரிமத்துக்கு ஆறு மாதத்தோடு மதிப்பு முடிந்தால், புத்தகத்துக்கும் அன்றோடு முடிந்தது. ஏழாவது மாதத்தில் ஓட்டி மாட்டிக்கொண்டால், ஜெர்மானியச் சட்டம் அதை உரிமமே இல்லாமல் ஓட்டிய குற்றமாகக் கருதுகிறது. அபராதத்தோடு போகலாம், ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. தெரிந்தே வண்டியைக் கொடுத்த உரிமையாளரும் குற்றவாளியாவார். விபத்து நேர்ந்தால், அடிபட்டவருக்கு இழப்பீடு கொடுத்த காப்பீட்டு நிறுவனம் 5,000 யூரோ வரை உங்களிடம் திரும்பக் கேட்க முடியும். விசா நீட்டிப்பையும் குடியுரிமையையும் எதிர்நோக்கி இருக்கும் ஒருவருக்கு, பணத்தைவிடக் குற்றப் பதிவுதான் பெரிய இழப்பு.

ஜப்பான், தென் கொரியா, சிங்கப்பூர், தென்னாப்பிரிக்கா போன்ற சில நாடுகளின் உரிமங்களைத் தேர்வு இல்லாமலே மாற்றித் தருவதற்கு ஜெர்மனியில் ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. ஆகவே எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டையும் நாம் எழுதியே ஆக வேண்டும். ஆனாலும் ஊர் உரிமத்துக்கு ஒரு பெரிய பயன் உண்டு. முதன்முறையாக உரிமம் எடுக்கும் ஒருவர் 90 நிமிட வகுப்புகள் 14, அவற்றோடு ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையில், இரவில் என 12 சிறப்புப் பயிற்சிகள் ஆகியவற்றைக் கட்டாயம் முடிக்க வேண்டும். செல்லுபடியாகும் வெளிநாட்டு உரிமம் வைத்திருப்பவருக்கு இந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. முதன்முறை எடுப்பவர்களுக்குப் பல நகரங்களில் 3,000 யூரோவைத் தாண்டும் செலவு, நமக்குப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைவது இதனால்தான்.

புறப்படும் முன் ஊரில் செய்ய வேண்டியவை

இந்தச் சலுகை கிடைக்க, உரிமம் நீங்கள் ஜெர்மனிக்குக் குடியேறும் முன்பே எடுத்ததாகவும், விண்ணப்பிக்கும் நாளில் காலாவதி ஆகாததாகவும் இருக்க வேண்டும். குடியேறிய பின் விடுமுறைக்கு ஊருக்கு வந்து எடுத்துச் செல்லும் உரிமமும், பழகுநர் உரிமமும் கணக்கில் வராது. எனவே காலாவதி நெருங்கும் அட்டையைக் கிளம்பும் முன்பே புதுப்பித்துவிடுங்கள். டிஜிலாக்கர் செயலியில் இருக்கும் படம் போதாது. அசல் அட்டை கையில் வேண்டும். முதலில் வழங்கப்பட்ட நாள் அட்டையில் தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். புதுப்பித்த நாள் மட்டும் இருந்தால், உரிமத்தைக் குடியேறிய பிறகு எடுத்ததாக அலுவலர் எண்ணிக்கொள்ள வாய்ப்புண்டு.

தமிழர்களுக்கென்றே உரிய இன்னொரு சிக்கல் பெயர். உரிமத்தில் முன்னெழுத்தும் பெயரும் இருக்கும். கடவுச்சீட்டில் தந்தை பெயர் விரிந்து குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் நிற்கும். சிலருக்கு அந்தக் கட்டமே வெறுமையாக இருக்கும். முன்னெழுத்து என்றால் என்னவென்று அறியாத ஓர் அலுவலருக்கு இவை இரண்டும் இரண்டு வேறு மனிதர்களின் ஆவணங்களாகவே தோன்றும். முடிந்தால் ஊரிலேயே உரிமத்தில் உள்ள பெயரைக் கடவுச்சீட்டுக்கு ஒத்தபடி திருத்திக்கொள்ளுங்கள். அதற்கு நேரமில்லாவிட்டால், இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று சான்றளிக்கும் ஆவணம் ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஊரில் இரண்டு நாளில் முடியும் வேலை, அங்கே போனபின் இரண்டு மாதத்தை விழுங்கிவிடும்.

விண்ணப்பம்

முகவரியைப் பதிவு செய்த வாரத்திலேயே, அந்த நகரத்தின் அல்லது மாவட்டத்தின் ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் நேரம் பதிவு செய்துகொள்ளுங்கள். பெரிய நகரங்களில் அந்த நேரம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகலாம்; விண்ணப்பம் ஏற்கப்பட மேலும் சில வாரங்கள் ஆகும். ஆறு மாதம் என்பது கேட்கும்போது நீண்ட காலமாகத் தோன்றினாலும், இந்த இரண்டு காத்திருப்புகளையும் கழித்துவிட்டால் படிக்கவும் பழகவும் மிஞ்சுவது கொஞ்ச நாள்தான்.

கடவுச்சீட்டும் வதிவிட அட்டையும், முகவரிப் பதிவுச் சான்று, 35-க்கு 45 மில்லிமீட்டர் அளவிலான பயோமெட்ரிக் புகைப்படம், ஊர் உரிமம், அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பு, கண் பரிசோதனைச் சான்று, முதலுதவிப் பயிற்சிச் சான்று ஆகியவை வேண்டும். மொழிபெயர்ப்பை ஏ.டி.ஏ.சி. என்ற வாகன ஓட்டிகள் சங்கத்திலோ, அரசு அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளரிடமோ பெறலாம். உரிமத்தில் ஆங்கிலம் இருக்கிறதே என்று இதைத் தவிர்க்க வேண்டாம். கண் பரிசோதனையைத் தெருமுனைக் கண்ணாடிக் கடையிலேயே சில நிமிடங்களில் முடித்துக்கொள்ளலாம். அந்தச் சான்று இரண்டு ஆண்டுகள் செல்லும். முதலுதவிப் பயிற்சி 45 நிமிடம் கொண்ட ஒன்பது பாடங்கள், அதாவது ஒரு முழு நாள். செஞ்சிலுவைச் சங்கம், யோஹானிட்டர், மால்டேஸர் போன்ற அமைப்புகள் இதை நடத்துகின்றன. பெரிய நகரங்களில் ஆங்கிலத்திலும் கிடைக்கும். இதை வெறும் சான்றிதழுக்கான நாளாகக் கழித்துவிடாதீர்கள். நினைவிழந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைப்பதையும், மார்பை அழுத்தி உயிர்மூச்சு மீட்பதையும் உடலால் செய்து பழகும் வாய்ப்பு நம்மில் பலருக்கு வாழ்க்கையில் இந்த ஒரு நாள்தான் கிடைக்கிறது.

படிவத்தில் ஓட்டுநர் பள்ளியின் பெயரையும் கேட்பார்கள். கட்டாய வகுப்புகள் இல்லையென்றாலும் பள்ளி இல்லாமல் முடியாது. ஓட்டுத் தேர்வை இரட்டைப் பெடல் உள்ள பள்ளி வாகனத்தில், பயிற்சியாளர் அருகில் அமர்ந்திருக்கத்தான் எழுத முடியும். ஆறு மாதம் கடந்தபின் நண்பரின் காரில் ஞாயிற்றுக்கிழமை பழகிப் பார்க்கவும் சட்டம் இடம் தராது. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது, வெளிநாட்டு உரிமம் மாற்றுபவர்களை அவர்கள் வழக்கமாக ஏற்கிறார்களா, 45 நிமிடப் பாடத்துக்கு எவ்வளவு, தேர்வு நாளுக்குத் தனியாக எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விளம்பரத்தில் குறைவாகக் காட்டும் பதிவுக் கட்டணத்தைவிட, ஒரு பாடத்தின் விலைதான் மொத்தச் செலவை நிர்ணயிக்கும்.

எழுத்துத் தேர்வு

டியூஃப் அல்லது டெக்ரா நிறுவனத்தின் மையத்தில் கணினியில் எழுதும் தேர்வு இது. ஜெர்மனைத் தவிர 12 மொழிகளில் எழுதலாம். ஆங்கிலம் அவற்றில் ஒன்று, தமிழ் இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வினாக்கள் கொண்ட தொகுப்பிலிருந்து 30 வினாக்கள் வரும். ஒவ்வொரு வினாவுக்கும் 2 முதல் 5 வரை பிழைப்புள்ளிகள் உண்டு. மொத்தம் 10 பிழைப்புள்ளிகள் வரை தேர்ச்சி; ஆனால் 5 புள்ளி வினாக்கள் இரண்டு தவறினால், கூட்டினால் 10-தான் என்றாலும் தோல்வி. முந்திச் செல்வதும் முன்னுரிமையும் போன்ற உயிராபத்தான விஷயங்களில்தான் அந்த 5 புள்ளி வினாக்கள் வருகின்றன. ஒரு வினாவுக்கு ஒன்று, இரண்டு, சில வேளை மூன்று விடைகளும் சரியாக இருக்கலாம்; ஒன்றை விட்டாலும் முழு வினாவும் தவறுதான். சில வினாக்கள் சிறு காணொளியாக வரும். அதைச் சில முறைதான் பார்க்க முடியும். வினாவைத் திறந்தபின் மீண்டும் பார்க்க இயலாது.

அனுபவத்தை நம்பி இதை எழுதப் போனால் தோற்பது உறுதி. செயலி ஒன்றை வாங்கி நாள்தோறும் ஒரு மணி நேரம் என மூன்று, நான்கு வாரம் எல்லா வினாக்களையும் ஒருமுறையாவது கடந்து வாருங்கள். எண்களை மட்டும் மனப்பாடம் செய்யாமல் அவற்றின் காரணத்தோடு படித்தால் மறக்காது. எடுத்துக்காட்டாக, வேகத்தைப் பத்தால் வகுத்து மூன்றால் பெருக்கினால், ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள் வண்டி கடக்கும் தூரம் மீட்டரில் கிடைக்கும். பத்தால் வகுத்ததை அதே எண்ணால் பெருக்கினால், சாதாரணமாகப் பிரேக் பிடித்து நிற்க ஆகும் தூரம். 50 கிலோமீட்டர் வேகத்தில் 15-ம் 25-ம் சேர்ந்து 40 மீட்டர். 100-ல் 30-ம் 100-ம் சேர்ந்து 130 மீட்டர். வேகம் இரட்டித்தால் நிற்கும் தூரம் மூன்று மடங்குக்கும் மேலே போகிறது என்பதை நான் பதினைந்து ஆண்டுகள் கார் ஓட்டிய பிறகு, இந்தத் தேர்வுக்குப் படித்தபோதுதான் முதன்முறையாக எண்ணாகப் பார்த்தேன்.

தேர்ச்சி பெற்ற நாளிலிருந்து 12 மாதத்துக்குள் ஓட்டுத் தேர்வில் வெற்றி பெற வேண்டும். தவறினால் எழுத்துத் தேர்வையும் மீண்டும் எழுத நேரும்.

பழகிய கையும் கண்ணும்

ஓட்டத் தெரியுமா என்பதை இங்கே சோதிப்பதாக நினைத்து நான் முதல் தேர்வுக்குப் போனேன், தோற்றேன். கிளட்ச், கியர், வண்டியை நிறுத்துவது எதிலும் குறையில்லை. மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேக வரம்புள்ள வட்டாரம் ஒன்றில், வலப்பக்கம் ஒரு சிறு தெரு வந்து சேரும் இடத்தில், தலையைத் திருப்பாமல் அதே வேகத்தில் கடந்துவிட்டேன். அந்தத் தெருவில் வண்டி எதுவும் வரவில்லை. ஆனால் வரவில்லை என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை, பார்க்காமலே கடந்தேன். தேர்வாளர் அதைத்தான் சொன்னார், சரியாகவே சொன்னார். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமென்றால் அது இதுவாக இருக்கட்டும்: வண்டியை அடக்கும் திறமையை அவர்கள் ஓரளவுக்கு மேல் பார்ப்பதில்லை, கண் எங்கே போகிறது என்பதையே தேர்வு முழுக்கப் பார்க்கிறார்கள்.

அடையாளப் பலகையும் விளக்கும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முதல் உரிமை. நம் ஊர் விதிப் புத்தகத்திலும் இதைப்போன்ற ஒரு விதி இருக்கிறது. நடைமுறையில் முந்தி நுழைந்தவர் போவார். ஜெர்மனியில் இடப்பக்கத்திலிருந்து வருபவர் உங்களுக்கு வழி விடுவார் என்று நம்பிப் போகலாம். அதே நம்பிக்கையோடு வலப்பக்கத்திலிருந்து வருபவர் உங்களை நோக்கி வேகம் குறைக்காமல் வருவார். குடியிருப்புத் தெருக்களில் ஒவ்வொரு தெருமுனையிலும் வேகத்தைக் குறைத்து, தலை திரும்புவது பின் இருக்கையில் இருப்பவருக்குத் தெரியும்படி பார்க்க வேண்டும். மஞ்சள் சாய்சதுரப் பலகை இருந்தால் நீங்கள் முன்னுரிமைச் சாலையில் இருக்கிறீர்கள், இந்தக் கவலை இல்லை. வீட்டு வாசல், பெட்ரோல் நிலையம், தாழ்த்திய நடைமேடை விளிம்பைத் தாண்டி வரும் வழி ஆகியவற்றிலிருந்து வருபவருக்கு வலப்பக்க உரிமை கிடையாது. இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கக் கண் பழகுவதற்குத்தான் பாடங்களின் பெரும்பகுதி செலவாகும்.

அடுத்தது தோளுக்குமேல் பார்ப்பது. இடமோ வலமோ திரும்பும்போதும், தடம் மாறும்போதும், ஓரத்திலிருந்து கிளம்பும்போதும், உட்புறக் கண்ணாடி, பக்கக் கண்ணாடி, பிறகு தோளுக்கு மேலே திரும்பி ஒரு பார்வை என்ற வரிசை தவறக் கூடாது. இதை ஒரு சடங்காக எண்ணாதீர்கள். வலப்புறம் திரும்பும் வண்டிக்கும் நடைமேடைக்கும் இடையில் மிதிவண்டிக்காரர் நேரே போய்க்கொண்டிருப்பார், அவர் கண்ணாடியில் தெரியாத இடத்தில் இருப்பார், அவருக்கே முன்னுரிமை. மிதிவண்டியை முந்தும்போது ஊருக்குள் 1.5 மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர் இடைவெளி வேண்டும். அவ்வளவு இடம் இல்லையென்றால், இடம் கிடைக்கும்வரை அவர் பின்னாலேயே போக வேண்டும்.

உடம்பில் ஊறிய வேறு சிலவற்றையும் மாற்ற வேண்டும். ஊரில் ஓட்டிய கார்களில் இண்டிகேட்டர் நெம்புகோல் பெரும்பாலும் வலக்கைப் பக்கம் இருந்திருக்கும். இங்கே இடக்கைப் பக்கம் இருப்பதால், முதல் சில நாட்கள் திரும்பும்போதெல்லாம் துடைப்பான் ஓடும். கியர் வலக்கைக்கு வரும். ஹாரன் ஆபத்தை உணர்த்த மட்டுமே. முன்விளக்கை மின்னச் செய்தால் ஊரில் ‘நான் வருகிறேன், விலகு’ என்று பொருள்; ஜெர்மானியர் பலர் அதை ‘நீங்கள் போங்கள்’ என்று எடுத்துக்கொள்வார்கள். இந்த ஒரு வேறுபாடே விபத்துக்குப் போதும். நில் பலகையில் சக்கரம் முழுமையாக நிற்க வேண்டும். ஊர்ந்து கடந்தால் தேர்வு அங்கேயே முடிந்துவிடும். வரிக்குதிரைக் கடவையில் ஒருவர் கடக்க எண்ணி நிற்பது தெரிந்தாலே வழி விட வேண்டும். நெடுஞ்சாலையில் நுழையும் தடத்தில் தயங்காமல் வேகம் எடுத்து ஓட்டத்தோடு சேர வேண்டும். அதன் முடிவில் நின்றுவிடுவதுதான் ஆபத்து. போக்குவரத்து நத்தை வேகத்துக்கு வந்தவுடனே, இடக்கோடித் தடத்தில் இருப்பவர் இடப்பக்கமும் மற்றவர்கள் வலப்பக்கமும் ஒதுங்கி, ஆம்புலன்ஸுக்கு நடுவில் வழி திறந்து வைக்க வேண்டும். சைரன் கேட்ட பிறகு ஒதுங்குவது தாமதம்.

எத்தனை பாடம் எடுப்பது என்பது அவரவர் கையைப் பொறுத்தது. ஊரில் நன்றாக ஓட்டியவரும் பத்துப் பாடங்களுக்குக் குறையாமல் எடுப்பது நல்லது என்பதே என் கருத்து. இரண்டு பாடத்தோடு தேர்வுக்குப் போய்த் தோற்றால், மறுதேர்வுக் கட்டணமும் காத்திருப்பும் அந்தச் சேமிப்பைவிட மிகுதியாகும்.

தேர்வு நாள்

ஓட்டுத் தேர்வு 2021-ஆம் ஆண்டிலிருந்து 55 நிமிடம். அதில் ஓட்டும் நேரம் குறைந்தது 30 நிமிடம். பயிற்சியாளர் அருகிலும் தேர்வாளர் பின் இருக்கையிலும் அமர்வார்கள். பயிற்சியாளர் பெடலைத் தொட நேர்ந்தால் தோல்வி. முதலில் வண்டியைப் பற்றி ஓரிரு கேள்விகள் வரும்: எண்ணெய் அளவை எப்படிப் பார்ப்பது, விளக்குகளை எப்படிச் சரிபார்ப்பது, டயர் பள்ளத்தின் குறைந்தபட்ச ஆழம் எவ்வளவு என்பன போல. கடைசிக் கேள்விக்கு விடை 1.6 மில்லிமீட்டர். ஓட்டத்தின் நடுவே பின்னோக்கி நிறுத்துவது, வண்டியைத் திருப்புவது, திடீர்ப் பிரேக் போன்றவற்றில் சிலவற்றைச் செய்யச் சொல்வார்.

இந்தத் தேர்வு ஜெர்மன் மொழியில்தான் நடக்கும், மொழிபெயர்ப்பாளருக்கு இடமில்லை. அதற்காக அஞ்ச வேண்டாம். லிங்க்ஸ் என்றால் இடம், ரெஷ்ட்ஸ் என்றால் வலம், கெராடவுஸ் என்றால் நேரே, வெண்டன் என்றால் வண்டியை வந்த திசைக்கே திருப்பு, அய்ன்பார்க்கன் என்றால் நிறுத்துமிடத்தில் நிறுத்து. இப்படி இருபது, முப்பது சொற்களைக் கொண்டே முழுத் தேர்வும் நடந்துவிடும். கடைசி ஐந்து பாடங்களைத் தேர்வாளர் பேசும் அதே சொற்களில் நடத்தும்படி பயிற்சியாளரிடம் கேளுங்கள். தேர்வாளர் எதுவும் சொல்லாவிட்டால் நேரே போக வேண்டும். புரியாவிட்டால் திரும்பக் கேட்கலாம், அது பிழையாகாது. தவறான தெருவில் விதிப்படி திரும்பினாலும் தோல்வி இல்லை; அவசரமாகத் தடம் மாறிச் சரியான தெருவுக்குள் பாய்ந்தால்தான் தோல்வி.

முடிவை அங்கேயே சொல்லிவிடுவார்கள். எந்த இடத்தில் என்ன பிழை என்ற விவரம் மின்னணுப் பதிவாகக் கிடைக்கும். தோற்றவர்கள் அதைப் பயிற்சியாளரோடு அமர்ந்து படித்து, அதே தெருக்களில் மீண்டும் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு வாரம் கழித்து மறுதேர்வுக்குப் போகலாம்.

வெற்றி பெற்றால் ஜெர்மானிய அட்டையைத் தரும்போது ஊர் உரிமத்தை அலுவலகம் வாங்கி வைத்துக்கொள்ளும். ஆண்டுதோறும் ஊருக்குப் போய் அங்கே வண்டி ஓட்டுபவர்கள் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து, திரும்பிப் பெறும் வழியை விண்ணப்பிக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. அட்டை கைக்கு வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள்: பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி இருக்கிறதா, காருக்கு உரிய பி வகுப்பு பதிவாகியிருக்கிறதா, கண்ணாடி அணிபவருக்கு உரிய 01 என்ற குறியீடு உங்களுக்குப் பொருந்துகிறதா, தானியங்கிக் கியர் வண்டிக்கு மட்டும் என்று பொருள்படும் 78 இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக உரிமம் எடுப்பவருக்கு இரண்டு ஆண்டு சோதனைக் காலம் உண்டு; அந்தக் காலத்தில் ஒரு சொட்டு மதுவுக்கும் இடமில்லை. ஊரில் உரிமம் பெற்ற நாளிலிருந்து அந்தக் காலத்தைக் கணக்கிடுவதால், பல ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு அது ஏற்கெனவே முடிந்திருக்கும். அட்டை 15 ஆண்டு செல்லும். அதன்பின் புதிய படத்தோடு அட்டையை மாற்றினால் போதும், தேர்வு மீண்டும் இல்லை.